கோய் குளத்துக்கு ஃபில்டர் மீடியாவும் ஷவர் ஃபில்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோய் குளத்துக்கு எந்த மீடியா சிறந்தது?

கோய் என்பது குளத்தில் வளர்க்கும் அலங்காரக் கெண்டை மீன்; மீடியா என்பது ஃபில்டருக்குள் நிரப்பும் பொருள். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடுகிறீர்கள்? மீடியாவைத் தொடும் முன்பே மீன் கழிவு நீரிலிருந்து வெளியேறிவிடுகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் மீடியாகூட நன்றாக வேலை செய்யும். இவை சரியில்லாத குளத்தில் எவ்வளவு உயர்ந்த செராமிக்கும் சில மாதங்களில் சேற்றுக் கட்டியாகிவிடும்.

மீடியா நீரைச் சுத்தம் செய்வதில்லை; அதன்மேல் படலமாக வளரும் பாக்டீரியாக்களே செய்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. மீடியா அவற்றுக்கு வீடு மட்டுமே. வீட்டுக்குக் காற்றும் நீரோட்டமும் வேண்டும், குப்பை சேரக் கூடாது.

எவ்வளவு மீடியா தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

குளத்தின் லிட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள். தீவனத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

தீவனத்தின் எடையை அதன் புரதப் பங்கால் பெருக்கி, மீண்டும் 0.092ஆல் பெருக்கினால் உருவாகும் அம்மோனியா நைட்ரஜன், அதாவது அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை, கிடைக்கும். 40 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால் 100 × 0.40 × 0.092, அதாவது ஏறத்தாழ 3.7 கிராம். 10,000 லிட்டர் குளத்தில் இது நாளொன்றுக்கு லிட்டருக்கு 0.37 மில்லிகிராம் உயர்வு. ஃபில்டரே இல்லையென்றால் மூன்று நாளில் 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

கோய் குளத்தில் அம்மோனியாவை மிகக் குறைவாகவே வைத்திருக்க விரும்புகிறோம். அவ்வளவு குறைந்த அளவில் பாக்டீரியாக்களுக்கும் உணவு குறைவு, வேலையும் மெதுவாகவே நடக்கும். அதனால் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளைக்கு 0.2 கிராம் அம்மோனியா நைட்ரஜனைக் கையாளும் என்று பாதுகாப்பாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் தீவனத்துக்கு 18 முதல் 19 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். கே1 எனப்படும் சிறு சக்கரம் போன்ற பிளாஸ்டிக் துண்டுகளான மீடியாவில் ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பயன்படும் பரப்பு உண்டு. ஆகவே 100 கிராம் தீவனத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் மீடியா. 50 லிட்டர் வைத்தால் நிம்மதி.

இந்தக் கணக்கு 20 டிகிரிக்கு மேல் உள்ள நீருக்கு. 10 டிகிரிக்குக் கீழே பாக்டீரியாக்கள் மிக மந்தமாகிவிடும். அப்போது மீனும் குறைவாகவே உண்ணும், நீங்களும் குறைத்தே போட வேண்டும்.

ஒரு லிட்டரில் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு என்று சில மீடியாக்களின் பெட்டியில் போட்டிருக்கிறதே?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் உங்களுக்குப் பயனில்லாதது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் உட்சுவர்களையும் சேர்த்து அளந்த எண் அது. ஒரு பாக்டீரியாவின் நீளமே ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய துளைக்குள் அது நுழையவே முடியாது. சற்றுப் பெரிய துளையிலும் வாயிலில் படலம் வளர்ந்து மூடிக்கொண்டால் உள்ளே நீர் ஓடாது, ஆக்சிஜனும் போகாது. நீர் நேரடியாக வருடிச் செல்லும் பரப்புதான் கணக்கில் வரும்.

கொஞ்ச நாள் ஓடிய கே1 துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்புறம் ஒன்றோடொன்று உரசி வெளுத்தே இருக்கும். உள்ளே சிலுவைபோல இருக்கும் தடுப்புகளில் மட்டும் மெல்லிய பழுப்புப் படலம், விரலால் தேய்த்தால் வெல்வெட் போல. வேலை நடக்கும் இடம் அதுதான். அந்தத் துண்டின் மொத்தப் பரப்பை விட்டு 500 என்ற எண்ணை எடுத்துக்கொள்வதும் இதனால்தான்.

மீடியா வகைகளை எப்படி ஒப்பிடுவது?

எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்பதே தேர்வைத் தீர்மானிக்கும்.

பிரஷ்கள், நுரைப்பஞ்சு, மணல் எல்லாம் முதலில் அழுக்கைப் பிடிக்கும் பொருள்கள். நுரைப்பஞ்சு விரைவில் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு இருமுறை கழுவ மனமில்லாதவர்கள் கோய் குளத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஜப்பான் மேட் எனப்படும் முரட்டு நார்ப்பாய், மூழ்கிய தொட்டிக்கு நல்ல மீடியா. நீர் தடையின்றி ஊடுருவும், பல ஆண்டுகள் உழைக்கும். பாய்களுக்கு இடையே விரல் அகலம் இடைவெளி விட்டு நிறுத்திவைக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் நீர் சுலபமான ஒரு வழியைத் தேடிக்கொண்டு மற்ற பாய்களைத் தொடாமலே போய்விடும்.

கே1 போன்ற மீடியாவைக் காற்றால் சுழலவிட்டால் அது உயிரியல் ஃபில்டர். அசையாமல் நிறுத்திவைத்தால் நுண்ணிய தூசியைப் பிடித்து நீரைப் பளிங்காக்கும், வாரம் ஒருமுறை காற்றைப் பீய்ச்சிக் கலக்கி அழுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். சுழலும் தொட்டியில் நீரின் கொள்ளளவில் 40 முதல் 60 சதவீதம் வரை மீடியா போடலாம். அதற்கு மேல் போட்டால் மூலைகளில் தேங்கி நின்றுவிடும். புதிய மீடியா முதல் சில வாரங்கள் மேலேயே மிதந்து முரண்டு பிடிக்கும். படலம் பிடித்ததும் தானாகச் சுழலும்.

எரிமலைக் கல்லை மூழ்கிய தொட்டியில் போடாதீர்கள். கற்களுக்கு இடையே கசடு இறங்கி அடியில் அழுகும், வெளியே எடுத்துக் கழுவுவது முதுகை ஒடிக்கும் வேலை. அதே கல் ஷவர் ஃபில்டரில் நன்றாக வேலை செய்கிறது. செராமிக் கட்டிகளும் உருக்கிச் சேர்த்த கண்ணாடி மீடியாவும் ஷவருக்கே மிகப் பொருத்தம்: கல்லைவிட எடை குறைவு, சொரசொரப்பு அதிகம்.

ஆக்டிவேட்டட் கார்பன் பாக்டீரியாவுக்கான வீடு அல்ல. மருந்துக்குப் பின் மிச்சத்தை எடுக்கவும், மஞ்சள் நிறத்தை நீக்கவும் சில நாள் வைத்து எடுத்துவிடும் பொருள்.

ஜியோலைட் பற்றி?

அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் கனிமம் அது. மீனை ஏற்றிச் செல்லும்போதும் புதிய தனிமைத் தொட்டியிலும் கைகொடுக்கும். ஆனால் குளத்தில் ஜியோலைட் இருக்கும்போது உப்புப் போட்டால், பிடித்துவைத்த அம்மோனியாவை அது நீரில் திருப்பிவிடும். உப்பு, கோய் வளர்ப்பில் அடிக்கடி கைக்கு வரும் மருந்து. அதனால் பிரதான ஃபில்டரில் ஜியோலைட் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஷவர் ஃபில்டர் என்றால் என்ன? மற்றதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

துளையிட்ட டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றில் மீடியாவை நிரப்பி, மேலிருந்து நீரைக் கொட்டவிடுவதே ஷவர். ஜப்பானின் ஒக்காயாமாவில் உள்ள மொமொதாரோ கோய் பண்ணை இதைப் 'பக்கி ஷவர்' என்ற பெயரில் உலகறியச் செய்தது. 'பக்கி' என்றால் ஜப்பானிய மொழியில் காற்றூட்டுதல். பெயரிலேயே சூட்சுமம் இருக்கிறது.

மூழ்கிய மீடியாவில் பாக்டீரியாக்களுக்கு நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மட்டும்தான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனையே வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. ஷவரில் நீர் மெல்லிய தாளாகக் கல்லின்மேல் வழிகிறது, அந்தத் தாளின் மறுபக்கம் காற்று. பாக்டீரியாவுக்கு மூச்சுத் திணறலே இல்லை. அதோடு, மீன் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடும், பம்ப் குழாயில் காற்றுக் கசிவால் அளவுமீறிக் கரைந்த நைட்ரஜனும் வெளியேறுகின்றன. குளத்துக்குத் திரும்பும் நீர் ஆக்சிஜன் நிறைந்து விழுகிறது.

மீடியாவின் மாயத்தால் அல்ல, இந்தக் காற்றால்தான் ஷவர் வெல்கிறது. விலை உயர்ந்த மீடியா வாங்கக் காத்திருந்து ஷவரைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

ஷவர் இருந்தால் வேறு ஃபில்டர் வேண்டாமா?

வேண்டும். ஷவர் கழிவைப் பிடிக்கும் கருவி அல்ல. கழிவோடு நீரை ஏற்றினால் பம்ப் அதை அரைத்துக் கூழாக்கி மேல் டிரேயில் பூசிவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: குளத்தின் அடியில் 110 மில்லிமீட்டர் பாட்டம் டிரெய்ன் (அடித்தள வடிகால்), அங்கிருந்து நீர் தானாக வழிந்து 200 முதல் 300 மைக்ரான் சல்லடை அல்லது 60 முதல் 70 மைக்ரான் டிரம் ஃபில்டர் (சுழலும் உருளைச் சல்லடை), அதன்பின் பம்ப், யு.வி. விளக்கு, ஷவர், மீண்டும் குளம். பம்பைச் சல்லடைக்கு முன்னால் வைப்பது எங்கும் காணப்படும் தவறு. முழுசாக வந்த எச்சத்தைச் சல்லடை எளிதில் பிடிக்கும். பம்பின் இறக்கை நொறுக்கிய பிறகு எதுவும் பிடிக்காது.

10,000 லிட்டர் குளத்துக்கு ஷவரை எப்படி அளவிடுவது?

உச்ச காலத்தில் நாளைக்கு 200 கிராம் தீவனம் என்று வைத்துக்கொள்வோம். 7.4 கிராம் அம்மோனியா நைட்ரஜன். 37 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 3 முதல் 5 செ.மீ. அளவுள்ள செராமிக் கட்டிகளுக்கு ஒரு லிட்டருக்கு 0.15 சதுர மீட்டர் என்று குறைத்தே மதிப்பிடுங்கள். ஏறத்தாழ 250 லிட்டர் மீடியா.

80 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் உள்ள டிரே ஒன்றில் 64 லிட்டர் பிடிக்கும். நான்கு டிரே போதும். டிரேக்களுக்கு இடையே 10 செ.மீ. வெற்றிடம் விடுங்கள், காற்று புகுவது அங்கேதான். அந்த இடைவெளியை மிச்சப்படுத்தி இன்னொரு டிரே செருகுகிறவர்கள் ஷவரின் உயிரையே அடைத்துவிடுகிறார்கள்.

நீரோட்டம் மணிக்கு 10,000 லிட்டர், அதாவது குளம் மணிக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டும். இந்த டிரேயின் பரப்பு 0.32 சதுர மீட்டர், எனவே சதுர மீட்டருக்கு மணிக்கு 31 கன மீட்டர் நீர் விழும். 25 முதல் 40 வரை நல்ல வரம்பு. மிகக் குறைந்தால் நீர் ஓடைகளாகப் பிரிந்து பாதி மீடியா காய்ந்து கிடக்கும். மிகக் கூடினால் டிரேயில் நீர் தேங்கி மீடியா மூழ்கிவிடும். அப்போது அது ஷவரே அல்ல.

நனைந்த செராமிக்கும் டிரேயும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டலாம். தாங்கும் சட்டத்தை முதலிலேயே அதற்கேற்பப் போடுங்கள், நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் விரலளவு சாய்ந்தாலே நீர் அந்தப் பக்கமே ஓடும்.

ஸ்பிரே பாரில் எத்தனை துளை?

ஸ்பிரே பார் என்பது மேல் டிரேயின்மேல் நீரைப் பொழியும் துளையிட்ட குழாய். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உட்புறக் குறுக்குவெட்டுப் பரப்புக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாய்க்கு 10 மி.மீ. துளை 25, அல்லது 8 மி.மீ. துளை 39. மேற்சொன்ன டிரேக்கு 10 மி.மீ. துளைகளை இரண்டு வரிசையாக, 6 செ.மீ. இடைவெளியில், ஒரு வரிசை இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்வாகப் பார்க்கும்படி போடுங்கள். கீழே நேராக விழும் ஒற்றை வரிசை, டிரேயின் நடுவை மட்டும் நனைக்கும்.

துளைகளைச் சிறிதாக்கினால் நீர் வேகமாகப் பீய்ச்சும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பம்புக்குச் சுமை கூடும், பாசி இழை ஒன்று சிக்கினாலும் அடைக்கும். குழாயின் கடைசி முனையில் பசை போட்டு ஒட்டாமல், திருகிக் கழற்றும் மூடி போடுங்கள். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தால் வேலை முடிந்தது.

நீர் சரியாகப் பரவுகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: மிகக் கீழ் டிரேயின் அடியில் கையை மெதுவாக மூலைக்கு மூலை நகர்த்துங்கள். எல்லா இடத்திலும் ஒரேபோல் பொழிய வேண்டும். உள்ளங்கை நனையாத இடம் இருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள மீடியா சும்மா கிடக்கிறது.

பம்ப் எவ்வளவு பெரியது?

பெட்டியில் உள்ள எண் உயரமே இல்லாதபோது கிடைக்கும் எண். நான்கு டிரே அடுக்கினால் ஸ்பிரே பார், குளத்து நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். குழாயின் உரசல், முழங்கை வளைவுகள், யு.வி. எல்லாம் சேர்த்து 2 மீட்டர் என்று கொள்ளுங்கள். பம்பின் வரைபடத்தில் 2 மீட்டரில் 10,000 லிட்டர் தருகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு 40 சதவீதத் திறனுள்ள பம்ப் ஏறத்தாழ 136 வாட் எடுக்கும், நாளைக்கு 3.3 யூனிட் மின்சாரம். ஒரு டிரேயைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் உயரம் குறையும், மின்செலவும் குறையும். இடம் உள்ளவர்களுக்கு அகலமான, குட்டையான ஷவரே மேல்.

மின்சாரம் நின்றுபோனால்?

ஷவர் மற்ற ஃபில்டர்களைவிடப் பாதுகாப்பானது. நீர் வடிந்துவிடும், ஈரமான படலம் காற்றில் சுவாசித்துக்கொண்டே பல மணி நேரம் தாங்கும். வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கால் மூடினால் இன்னும் நல்லது. மூழ்கிய தொட்டி அப்படியல்ல. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மின்சாரம் வந்ததும் அந்த நீரை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் குளத்துக்கு விடாமல் வடிகாலில் கொட்டிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.

ஷவர் பொருத்திய பின் பிஎச் ஏறிவிட்டது. ஏன்?

கரைந்த கார்பன் டை ஆக்சைடு நீரை அமிலப் பக்கம் இழுக்கும். ஷவர் அதை வெளியேற்றுவதால் பிஎச் தன் இயல்பான இடத்துக்கு ஏறுகிறது. பல குளங்களில் 8.2 முதல் 8.4 வரை போய் நிற்கும். நிலையாக இருந்தால் கோய்க்கு இது தீங்கில்லை. ஆனால் அம்மோனியா அதிகமுள்ள குளத்தில் எச்சரிக்கை தேவை. 25 டிகிரியில், பிஎச் 7இல் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம் மட்டுமே நச்சு வடிவம், பிஎச் 8இல் 5 சதவீதத்துக்குச் சற்று மேல், 8.5இல் 15 சதவீதம். அதனால் ஏற்கெனவே அம்மோனியா ஏறியிருக்கும் குளத்தில் புது ஷவரை இயக்கும் முன், நீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்யக் காரத்தன்மை கரைகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 7.1 கிராம். 100 கிராம் தீவனத்துக்கு ஈடுகட்ட ஏறத்தாழ 45 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் வேண்டும். நீர் மாற்றும்போது புதுநீரே ஒரு பகுதியைத் தந்துவிடும். காரத்தன்மையை லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே விடாதீர்கள். 1,000 லிட்டருக்கு 17 கிராம் சமையல் சோடா போட்டால் 10 மில்லிகிராம் உயரும். ஒரே நாளில் பெரிதாக உயர்த்த வேண்டாம். ஷவரின் கீழ் டிரேயில் ஒரு வலைப்பை கிளிஞ்சல் ஓடு வைத்தால் அது மெல்லக் கரைந்து துணை செய்யும்.

ஷவர் நைட்ரேட்டையும் நீக்கும் என்கிறார்களே?

அதை நம்பி நீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள். நைட்ரேட்டை வாயுவாக்க ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். ஷவர் ஆக்சிஜன் கொட்டிக்கிடக்கும் இடம். வாரம் 10 முதல் 20 சதவீதம் நீர் மாற்றுவதே வழி.

குழாய்நீரில் குளோரின் இருந்தால் அது படலத்தைக் கொல்லும். 1,000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் உள்ள குளோரினை முறிக்க 7 கிராம் சோடியம் தயோசல்பேட் கணக்கு. நடைமுறையில் 15 கிராம் போடுங்கள். ஷவரில் நீர் ஆவியாவதும் தெறிப்பதும் அதிகம் என்பதால், குறைந்த நீரை நிரப்பும்போதும் இதை மறக்கக் கூடாது.

புதிய ஃபில்டர் பழக எவ்வளவு நாள்?

வெதுவெதுப்பான நீரில் 4 முதல் 8 வாரம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன்பின் நைட்ரைட் ஏறும். இந்த இரண்டாவது ஏற்றம் நீண்டது, பலரும் இங்கேதான் மீனை இழக்கிறார்கள்: அம்மோனியா பூஜ்யமானதும் ஃபில்டர் தயார் என்று நினைத்துத் தீவனத்தைக் கூட்டிவிடுகிறார்கள். நைட்ரைட் தெரிந்தால் 1,000 லிட்டருக்கு 1 கிலோ உப்பு போடுங்கள்; உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். பழைய, நோயில்லாத குளத்து மீடியாவில் ஒரு டிரே கிடைத்தால் அதை மேல் டிரேயாக வையுங்கள், காத்திருப்பு பெரிதும் குறையும். பழைய ஃபில்டரை உடனே கழற்றாமல் புதியதோடு இரண்டு மாதம் சேர்த்து ஓட்டுங்கள்.

டிரேயில் வெள்ளை நுரை பொங்குகிறது. கெடுதலா?

நுரை என்பது நீரில் கரைந்துள்ள புரதம். புதிய குளத்திலும், முட்டையிட்ட பிறகும், அளவுக்கு மேல் தீவனம் போட்டாலும் வரும். தீவனத்தைக் குறைத்து நீர் மாற்றுங்கள். வாரக்கணக்கில் நிற்காமல் இருந்தால் சல்லடையையும் குழாய்களையும் திறந்து பாருங்கள். எங்கோ கசடு தேங்கி அழுகுகிறது.

மீடியாவை எப்போது, எப்படிக் கழுவுவது?

முன்வடிகட்டல் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மேல் டிரேயை மட்டும். குளத்து நீரைத் தொட்டியில் எடுத்து, அதில் கட்டிகளை முக்கி அலசினால் போதும். தேய்க்க வேண்டாம், பழுப்புப் படலம் அழுக்கல்ல. எல்லா டிரேக்களையும் ஒரே நாளில் தொடாதீர்கள். ஒரு டிரேக்கும் அடுத்ததற்கும் இரண்டு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

குளத்தில் மருந்து போடும்போது ஷவரை நிறுத்த வேண்டுமா?

பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் கட்டாயம் விலக்க வேண்டும். அது படலத்தையும் எரிக்கும், மீடியாவில் பட்டு மருந்தும் வீணாகும். இதற்காகவே பம்புக்கும் ஷவருக்கும் நடுவில் வால்வுடன் ஒரு பைபாஸ் குழாய் அமையுங்கள். நீர் நேரே குளத்துக்குத் திரும்பும், காற்றுக் கற்கள் ஆக்சிஜனைப் பார்த்துக்கொள்ளும். ஷவர் நின்றிருக்கும் நேரத்தில், மருந்து போடும் முன் எடுத்துவைத்த குளத்து நீரை அரை மணிக்கொருமுறை ஒரு வாளி மேலே ஊற்றி மீடியாவை ஈரமாக வையுங்கள். கீழே வடிவதைத் தனித் தொட்டியில் பிடித்து மீண்டும் அதையே ஊற்றலாம். 0.3 சதவீதம் வரை உப்பு மட்டும் என்றால் ஷவர் வழக்கம்போல் ஓடட்டும்.